பூட்ஸ் அறையில் வளர்ந்த மேனேஜர்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

மேனேஜர் என்றதும் நமக்குக் கோட்டு போட்ட வங்கி அதிகாரிதான் நினைவுக்கு வருவார். இங்கிலாந்துக் கால்பந்தில் அந்தச் சொல்லுக்குப் பொருள் வேறு. யார் ஆடுவது, யாரை வாங்குவது, யாரை விற்பது, எப்படி ஆடுவது என எல்லாமே அவர் பொறுப்பு. ஜெயித்தால் அவருக்குச் சிலை வைப்பார்கள். தோற்றால் மறுநாளே பெட்டியைக் கட்டச் சொல்வார்கள். அப்படிப்பட்ட நாற்காலி லிவர்பூல் கிளப்பில் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு எப்படிக் கைமாறியது என்பதைத்தான் இன்று பேசப் போகிறேன். கோல் கணக்கெல்லாம் குறைவாகத்தான் வரும்.

கிளப் தொடங்கியது 1892இல். ஆரம்ப கால மேனேஜர்களில் டாம் வாட்சனை மட்டும் சொல்லிவிடுகிறேன். 1901இல் முதல் லீக் பட்டத்தையும், 1906இல் இரண்டாவதையும் வாங்கிக் கொடுத்தவர் அவர். 1922, 1923, 1947 என மேலும் மூன்று பட்டங்கள் வந்தன. அப்புறம் சரிவுதான். 1954இல் அணி இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கிவிட்டது. அங்கேயே எட்டு வருஷம் கிடந்தது.

1959 டிசம்பரில் பில் ஷாங்க்லி வந்தார். ஸ்காட்லாந்தில் கிளென்பக் என்ற நிலக்கரிச் சுரங்கக் கிராமத்துக்காரர். அதுவரை லிவர்பூலில் அணியைத் தேர்ந்தெடுப்பதில் டைரக்டர்கள் கை ஓங்கியிருந்தது. அணியை நான்தான் தேர்ந்தெடுப்பேன் என்று சொல்லிவிட்டுத்தான் ஷாங்க்லி பொறுப்பேற்றார். மெல்வுட் பயிற்சி மைதானம் புதர் மண்டிக் கிடந்தது. முதல் ஓராண்டுக்குள் 24 ஆட்டக்காரர்களை வெளியே அனுப்பினார்.

ஆனால் ஒரு காரியத்தை மட்டும் அவர் செய்யவில்லை. புது மேனேஜர் வந்தால் தன் ஆட்களைக் கூட்டிவருவதுதான் அங்கே வழக்கம். ஷாங்க்லி அப்படி யாரையும் அழைத்து வரவில்லை. கிளப்பில் ஏற்கெனவே இருந்த பாப் பெய்ஸ்லி, ஜோ ஃபேகன், ரூபன் பென்னட் ஆகிய பயிற்சியாளர்களை அப்படியே வைத்துக்கொண்டார். என்னைக் கேட்டால், ஷாங்க்லி எடுத்த முடிவுகளிலேயே பெரியது இதுதான். மற்ற முடிவுகளின் பலன் சில வருஷம் நின்றது. இதன் பலன் முப்பது வருஷத்துக்கு மேல் நீடித்தது.

ஆன்ஃபீல்ட் ஸ்டேடியத்தில் மெயின் ஸ்டாண்டின் அடியில் ஒரு சின்ன அறை இருந்தது. ஆட்டக்காரர்களின் பூட்ஸ்களை மாட்டி வைக்கும் அறை. உள்ளே தோல் வாடையும் சேற்று வாடையும். நாற்காலி கிடையாது, பீர் பாட்டில் பெட்டிகளைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்வார்கள். அந்த பீரை வாங்கி வைக்கும் ஏற்பாடு ஜோ ஃபேகனுடையது. பயிற்சி முடிந்ததும் அந்தப் பயிற்சியாளர்கள் அங்கே கூடுவார்கள். யாருக்குக் கால் வலி, யார் ஓட்டத்தில் சோர்வு, அடுத்த சனிக்கிழமைக்கு யார் என்று பேச்சு போகும். அன்றன்றைய பயிற்சியை நோட்டில் எழுதி வைப்பார்கள். இதே மாதத்தில் போன வருஷம் என்ன செய்தோம் என்று சந்தேகம் வந்தால் நோட்டைப் புரட்டினால் போதும்.

மேட்ச் முடிந்ததும் எதிரணி மேனேஜரை உள்ளே கூப்பிட்டு ஒரு கிளாஸ் நீட்டுவார்கள். மனுஷன் பேச ஆரம்பிப்பார். அவர் அணியில் யாருக்குக் காயம், எந்த இளைஞன் தேறி வருகிறான் என்று எல்லாம் வெளியே வந்துவிடும். இவர்கள் காதை மட்டும் திறந்து வைத்திருப்பார்கள். நம்மூர் டீக்கடை பெஞ்சு ஞாபகம் வருகிறதா? வேடிக்கை என்னவென்றால் ஷாங்க்லி அந்த அறைக்கு அதிகம் போனதில்லை. அது அவர்களுடைய இடம் என்று விட்டுவிட்டார்.

1962இல் அணி முதல் டிவிஷனுக்கு ஏறியது. 1964, 1966, 1973இல் லீக் பட்டம். 1965இல் கிளப்பின் முதல் எஃப்.ஏ. கோப்பை, அதாவது லீக் தவிர தனியாக நடக்கும் நாக்-அவுட் போட்டி. 1974இல் இன்னொரு எஃப்.ஏ. கோப்பை. அந்த ஜூலையில், யாரும் எதிர்பாராத நேரத்தில், ஷாங்க்லி விலகுவதாக அறிவித்தார். நகரமே நம்பவில்லை.

வேலையை விட்டவருக்குக் கால் சும்மா இருக்கவில்லை. காலையில் எழுந்து மெல்வுட் மைதானத்துக்கு வந்து நிற்பார். ஆட்டக்காரர்கள் பழக்கத்தில் அவரையே 'பாஸ்' என்று கூப்பிடுவார்கள். பக்கத்தில் நிற்பது புது பாஸ் பாப் பெய்ஸ்லி. இந்த தர்மசங்கடம் எத்தனை நாள் ஓடும்? கிளப் அவரை ஒதுக்கியது. ஷாங்க்லி மனம் நொந்துபோனார். அந்தக் காயம் 1981இல் அவர் இறக்கும் வரை ஆறவில்லை. இவ்வளவு பெரிய மனிதரை வழியனுப்பத் தெரியவில்லையே என்று எனக்கு இன்றும் ஆதங்கம் உண்டு. பெய்ஸ்லியையும் குறை சொல்ல முடியாது.

பெய்ஸ்லி அந்த நாற்காலியைக் கேட்டு வாங்கியவர் இல்லை. எனக்கு வேண்டாம் என்றவரைத்தான் பிடித்து உட்கார வைத்தார்கள். டர்ஹம் பக்கத்துச் சுரங்கத் தொழிலாளியின் மகன். கொத்தனார் வேலை கற்றவர். 1950இல் லிவர்பூல் ஆட்டக்காரராக எஃப்.ஏ. கோப்பை அரையிறுதியில் கோல் போட்டார். ஆனால் இறுதிப் போட்டிக்கு அவரைச் சேர்க்கவில்லை. ஆளை வெளியே உட்கார வைத்தால் எப்படி வலிக்கும் என்பது அவருக்குத் தெரியும்.

பேச்சு வராது. பெயர் மறந்துவிட்டால் 'அதான், அந்த இவன்' என்கிற மாதிரி ஒரே சொல்லை எல்லாருக்கும் போட்டு ஒப்பேற்றுவார். ஆனால் ஓடுகிறவனின் நடையைப் பார்த்தே எந்தத் தசையில் கோளாறு என்று சொல்லிவிடுவார். ஒன்பது வருஷத்தில் ஆறு லீக் பட்டம், மூன்று ஐரோப்பியக் கோப்பை. அதில் முதல் ஐரோப்பியக் கோப்பை 1977இல் ரோம் நகரத்தில் கிடைத்தது. இரண்டாம் உலகப் போரில் சிப்பாயாக அதே ஊருக்குள் நுழைந்தவர் அவர்.

1983இல் ஜோ ஃபேகனின் முறை. வயது 62. முதல் வருஷமே லீக் பட்டம், லீக் கப், ஐரோப்பியக் கோப்பை என மூன்றையும் அள்ளினார். மறு வருஷம் 1985 மே மாதம் பிரஸ்ஸல்ஸ் ஹெய்சல் மைதானத்தில் 39 பேர் இறந்த அன்று அவருடைய கடைசி மேட்ச். அப்படியா ஒரு மனிதர் ஓய்வு பெற வேண்டும்?

அடுத்து கென்னி டால்கிலீஷ். ஆடிக்கொண்டே மேனேஜராகவும் இருந்தார். 1986இல் லீக் பட்டம், எஃப்.ஏ. கோப்பை இரண்டும். 1989 ஏப்ரல் 15 அன்று ஹில்ஸ்பரோ மைதான நெரிசலில் சிக்கி ரசிகர்கள் 97 பேர் உயிரிழந்தார்கள். டால்கிலீஷ் ஒரு சாவு வீட்டிலிருந்து இன்னொரு சாவு வீட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தார். 1990இல் இன்னொரு லீக் பட்டம் வந்தது. 1991 பிப்ரவரியில் எவர்டனோடு 4-4 என்று முடிந்த ஒரு மேட்சுக்குப் பிறகு, இனி முடியாது என்று விலகிவிட்டார்.

அதோடு சரி, அடுத்த லீக் பட்டத்துக்கு முப்பது வருஷம். 1993இல் அந்த பூட்ஸ் அறையையும் இடித்துப் பத்திரிகையாளர்களுக்கு இடம் ஒதுக்கினார்கள். அப்போதைய மேனேஜர் கிரேம் சூனஸ் மேல்தான் ஊர் பழி போட்டது. முடிவு என்னுடையதல்ல, கிளப்புடையது என்கிறார் அவர். அந்த அறையில் வளர்ந்த கடைசி மேனேஜர் ராய் எவன்ஸ். 1998இல் அவரையும் பிரெஞ்சுக்காரர் ஜெரார் ஊலியேயையும் சேர்த்து மேனேஜர்களாக்கினார்கள். ஒரு உறையில் இரண்டு கத்தி எப்படி நிற்கும்? நவம்பரில் எவன்ஸ் கிளம்பிவிட்டார்.

ஊலியேவுக்குப் பின் ஸ்பெயின்காரர் ரஃபா பெனிடெஸ். 2005இல் இஸ்தான்புலில் சாம்பியன்ஸ் லீக் (பழைய ஐரோப்பியக் கோப்பைதான்) இறுதிப் போட்டியில் மிலான் அணியிடம் பாதி நேரத்தில் 0-3. நம் கடிகாரத்தில் அப்போது நள்ளிரவு ஒரு மணி. இனி என்ன இருக்கிறது என்று டிவியை அணைத்துவிட்டுப் படுத்தவன் நான். காலையில் பேப்பரைப் பார்த்து, பெனால்ட்டியில் லிவர்பூல் ஜெயித்ததைத் தெரிந்துகொண்டேன். என் மகன் இன்றுவரை அதைச் சொல்லிக் காட்டுவான்.

2015இல் ஜெர்மானியர் யூர்கன் குளோப் வந்தார். 2019இல் சாம்பியன்ஸ் லீக், 2020இல் லீக் பட்டம். 2024 ஜனவரியிலேயே, இந்த சீசனோடு போகிறேன் என்று முன்கூட்டிச் சொல்லிவிட்டார். மே மாதம் கடைசி மேட்ச் முடிந்து ஆன்ஃபீல்டில் மைக்கைப் பிடித்தவர், தனக்கு அடுத்து வரப்போகிற ஆர்னே ஸ்லாட்டின் பெயரைப் பாட்டாகப் பாட ஆரம்பித்தார். கூட்டம் பின்பாட்டுப் பாடியது. ஸ்லாட் அந்த மைதானத்தில் இன்னும் வேலைக்கே வந்திருக்கவில்லை.

2025 ஏப்ரலில் டாட்டன்ஹாமை 5-1 என்று வென்று லிவர்பூல் தன் 20ஆவது லீக் பட்டத்தை எடுத்தது. ஸ்லாட்டிடம் மைக் கொடுத்தார்கள். அவர் குளோப்பின் பெயரைப் பாடினார்.

நன்றி, வணக்கம்.