டிபி மாத்திரையோடு வலி மாத்திரை போடலாமா?

வணக்கம் மக்களே. மருந்துக்கடையில் நிற்கிற எனக்கு அடிக்கடி வருகிற கேள்வி இது: "டிபி மாத்திரை சாப்பிடுறேன், முட்டி வலிக்குது, ஏதாவது குடுங்க."

பெரும்பாலும் போடலாம். ஆனால் வலி எங்கிருந்து வருகிறது என்று முதலில் பாருங்கள். முதல் 2 மாதம் தருகிற நான்கு மருந்துகளில் பைரசினமைடு ஒன்று. அது யூரிக் அமிலத்தைச் சிறுநீரில் போகவிடாமல் தேக்கிவைக்கும், மூட்டு பிடிக்கும். அதற்காக டிபி மாத்திரையை நீங்களாக நிறுத்தக் கூடாது. டாக்டரிடம் சொன்னால், வயிறு, கிட்னி எப்படி என்று பார்த்து இபுப்ரோஃபென் மாதிரி ஏதாவது எழுதுவார். பாதம் எரிந்து மரத்துப்போனால் அது அந்த நான்கில் இன்னொன்றான ஐசோனியசிட் செய்கிற வேலையாக இருக்கலாம். அதற்கு வலி மாத்திரை இல்லை, வைட்டமின் பி6.

பாராசிட்டமால்தான் கொஞ்சம் நின்று பேச வேண்டிய விஷயம். அந்த நான்கில் மூன்று, கல்லீரலைப் பதம் பார்க்கக்கூடியவை. போதாக்குறைக்கு, பாராசிட்டமாலிலிருந்து வருகிற நச்சுப்பொருளை ஐசோனியசிட் கூட்டிவிடலாம். காய்ச்சலுக்கு டாக்டர் சொன்ன அளவில் போட்டால் பிரச்சினை இல்லை. தெரியாமல் கூடிவிடுவதுதான் வம்பு. ஒரு வலி மாத்திரை அட்டையைப் பாருங்கள். மேலே பெரிதாக அசிக்ளோஃபினாக், அடியில் பொடி எழுத்தில் பாராசிட்டமால் 325 மி.கி. சளி மாத்திரை பலவற்றிலும் அது உண்டு. காய்ச்சலுக்குத் தனியாக 650 வேறு. நாங்களும் அட்டையைக் கத்தரித்து இரண்டு மாத்திரை கவரில் போட்டுத் தருவோம், பெயர் மிச்சத் துண்டில் கடையிலேயே இருந்துவிடும். கவர் மேல் எழுதித் தரச் சொல்லுங்கள்.

அந்த நான்கில் மற்றொன்றான ரிஃபாம்பிசினால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகும், பயம் வேண்டாம். கண்ணின் வெள்ளையைப் பாருங்கள். மஞ்சள் தெரிந்தாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி.

அப்புறம், டிரமடால் மாதிரி சில வலி மாத்திரைகளை ரிஃபாம்பிசின் உடம்பில் சீக்கிரம் கரைத்து அனுப்பிவிடும். வலி கேட்கவில்லை என்று நீங்களாக இரண்டாகப் போடாதீர்கள். வலி மாத்திரையோடு கேஸுக்குக் குடிக்கிற வெள்ளை டானிக் பலவற்றில் அலுமினியம் இருக்கும், டிபி மருந்து உடம்பில் சேர்வதை அது குறைக்கும். டிபி மாத்திரை போட்டு ஒரு மணி நேரமாவது போகட்டும், அப்புறம் டானிக் குடியுங்கள்.

வழக்கமான மருந்துக்கு அடங்காத டிபிக்கு லினிசோலிட் சாப்பிடுகிறவர்களா? டாக்டரைக் கேட்காமல் டிரமடால் பக்கமே போகாதீர்கள், இரண்டும் சேர்ந்தால் ஆபத்து. சந்தேகம் இருந்தால் அரசின் டிபி உதவி எண் (நிக்ஷய்) 1800-11-6666, கட்டணம் கிடையாது.