பார்ட் 2ன்னா இப்படித்தான்யா இருக்கணும்: ரேமேன் லெஜெண்ட்ஸ் ஏன் இம்புட்டு நல்லா இருக்கு

(திரையில: ரேமேன் நிக்காம ஓடிக்கிட்டே இருக்கான், பின்னாடி கோட்டை இடிஞ்சு விழுது)

வணக்கம் மக்களே. ஒரு கேம் ஹிட் ஆச்சுன்னா அடுத்த பார்ட்டுக்கு என்ன பண்ணுவாங்கன்னு நமக்கே தெரியும், ரெண்டு புது ஆயுதம், நாலு புது உலகம், வில்லன் கொஞ்சம் பெருசா, அம்புட்டுதான். இன்னிக்கு நாம பாக்கப்போற ரேமேன் லெஜெண்ட்ஸும் மேலோட்டமா பாத்தா அப்படித்தான் தெரியும். ஆனா இதுக்குள்ள ஒரே ஒரு ஐடியாவ எடுத்து கடைசி வரைக்கும் இழுத்துட்டு போயிருக்காங்க. ஓட்டத்தையே தாளமா மாத்தினதுதான் அந்த ஐடியா. வீடியோ முழுக்க அதைப் பத்தித்தான். நடுவுல ஹார்ன் சத்தம் கேட்டா கண்டுக்காதீங்க, வீடு காளவாசல் பக்கம், ராத்திரி பதினோரு மணிக்குக் கூட பஸ்காரன் ஹார்ன விட மாட்டேங்குறான்.

முதல்ல கொஞ்சம் முன்கதை, வெரசா சொல்லிடுறேன். ரேமேன்ங்குற ஆளு 1995லயே வந்துட்டான். மிஷேல் ஆன்செல்னு ஒரு ஃப்ரெஞ்சுக்காரர் உருவாக்கினது. முழங்கை முழங்கால் எதுவும் கிடையாது, கையுறையும் ஷூவும் தனித்தனியா மிதந்துக்கிட்டு இருக்கும், தலைமுடியவே ஃபேன் மாதிரி சுத்தி காத்துல மிதப்பான். நடுவுல 3டி பக்கம் போயிட்டு, 2011ல ரேமேன் ஆரிஜின்ஸ்னு திரும்பவும் பக்கவாட்டுல ஓடுற 2டி கேமா வந்தான். யூபிசாஃப்டோட மான்ட்பெலியே ஸ்டூடியோ பண்ணது. அதோட அடுத்த பார்ட்டுதான் 2013ல வந்த லெஜெண்ட்ஸ்.

இது மொதல்ல நிண்டெண்டோவோட வீ யூ கன்சோலுக்கு மட்டும்னுதான் சொல்லியிருந்தாங்க. 2013 பிப்ரவரில வர வேண்டியது, கிட்டத்தட்ட எல்லாம் தயார். கடைசி நேரத்துல மத்த கன்சோல்லயும் சேத்து விடுவோம்னு முடிவு பண்ணி ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர்னு தள்ளிட்டாங்க. செஞ்ச டீமுக்கே அது பிடிக்கல. ஆனா அந்த கூடுதல் மாசங்கள்ல கேம்ல இன்னும் நெறய சேத்தாங்க, அதனால வாங்குன நமக்கு லாபம்தான்.

சரி மேட்டருக்கு வருவோம்.

(திரையில: கேஸில் ராக் லெவல், சத்தத்தோட ஓடட்டும், பத்து செகண்ட் நான் பேசல)

கேட்டீங்கல்ல? இதுதான் கேஸில் ராக். முதல் உலகத்தோட கடைசில வர்ற லெவல். பிளாக் பெட்டின்னு ஒரு பழைய ராக் பாட்டு, அத இந்த கேமுக்காக கோமாளித்தனமா மாத்தி வெச்சிருக்காங்க. இங்க நீங்க குதிக்கிற ஒவ்வொரு குதியும், எதிரிய குத்துற ஒவ்வொரு குத்தும், பாட்டுல வர்ற அடியோட கரெக்ட்டா விழும். நீங்க பாட்டுக்கு ஏத்த மாதிரி பட்டன் அமுக்கல, லெவல்ல சாகாம ஓடுறீங்க அவ்வளவுதான், ஆனா ஓடி முடிச்சா ஒரு பாட்டையே வாசிச்ச மாதிரி இருக்கும். ஊர்ல சாமி ஊர்வலத்துல உறுமி மேளம் அடிச்சா, ஆடவே தெரியாதவனுக்கும் கால் ஒரு தினுசா எடுத்து வைக்கும் பாருங்க, அந்த ஃபீலிங்தான்.

இத எப்படி பண்றாங்கன்னு யோசிச்சா ரொம்ப சிம்பிள், ஆனா செய்யிறது கஷ்டம். ரேமேன் முழு வேகத்துல ஓடும்போது அவன் வேகம் மாறாது. வேகம் மாறலன்னா என்ன அர்த்தம், தூரமும் நேரமும் ஒண்ணுதான். ஒரு உதாரணத்துக்கு, பாட்டு நிமிஷத்துக்கு 120 அடின்னு வெச்சுக்குங்க, அப்ப அரை செகண்டுக்கு ஒரு அடி. அந்த அரை செகண்டுல ஹீரோ நாலு கட்டம் ஓடுறான்னா, நாலு கட்டத்துக்கு ஒரு எதிரிய நிறுத்துனா போதும், நீங்க குத்துறது தானா தாளத்துல விழும். லெவல் டிசைனர் கையில இருக்குற தரை இருக்குல்ல, அது தரையே கிடையாது, பாட்டு எழுதுற நோட்டு. குதிய எடுத்துக்கிட்டாலும் அப்படித்தான், பட்டன லேசா தட்டுனா சின்னக் குதி, அமுக்கிப் புடிச்சா பெரிய குதி, மேல போயி இன்னொரு தடவை புடிச்சா மிதப்பு. குட்டையா ஒரு ஸ்வரம், நீளமா ஒரு ஸ்வரம், இழுத்துப் பாடுற மாதிரி ஒண்ணு. இத வெச்சு எந்தப் பாட்டையும் தரையில எழுதிப்புடலாம்.

இந்த மாதிரி மியூசிக் லெவல் ஒவ்வொரு உலகத்தோட முடிவுலயும் ஒண்ணு வரும். மெக்சிகோ மாதிரி இருக்குற உலகத்துல மரியாச்சி ஸ்டைல்ல ஒண்ணு, கடலுக்கு அடியில ஒண்ணு. இசை கிறிஸ்டோஃப் ஹெரால், பில்லி மார்ட்டின்னு ரெண்டு பேரு.

இப்ப நெறய பேரு ரிவ்யூல என்ன சொல்லுவாங்கன்னா, மியூசிக் லெவல் சூப்பர், மத்ததெல்லாம் நல்ல பிளாட்ஃபார்மர், அதாவது ஓடிக் குதிச்சுத் தாண்டுற வகை கேம், அம்புட்டுதான்னு. இங்கதான் நான் ஒத்துக்க மாட்டேன். மத்த லெவலும் இதே மாதிரிதான் போட்டிருக்காங்க, பாட்டு மட்டும் கொஞ்சம் ஒளிஞ்சிருக்கு. நீங்க சாதாரண லெவல்ல லம்ஸ்னு மஞ்சளா பறக்குற குட்டிப் பூச்சிங்கள பாருங்க. சும்மா இறைச்சு விடல. எங்க குதிக்கணுமோ அங்க வில்லு மாதிரி வளைஞ்சு நிக்கும், எங்க சுவத்துல ஓடணுமோ அங்க நேரா மேல ஏறும். நிக்காம ஓடுற ஒருத்தன் காத்துல போற பாதைய முன்கூட்டியே கோடு போட்டு வெச்ச மாதிரி. ஊதா கலர்ல இருக்குற லம்ல ஆரம்பிச்சு வரிசை மாத்தாம எடுத்தா ரெட்டிப்பா கிடைக்கும். வரிசையா எடுக்கணும்னா தாளம் தப்பாம ஓடணும், வேற வழியே இல்ல. முதல் தடவை ஆடுறப்ப தட்டுத்தடுமாறி போவோம், ரெண்டாவது தடவை அதே லெவல் வேற லெவலா தெரியும்.

ஆரிஜின்ஸ்லயும் இந்த ஓட்டம் இருந்துச்சு, இல்லன்னு சொல்லல. ஆனா அங்க ஒரு பிரச்சனை. அடிக்கிறது, மிதக்குறது, சுவத்துல ஓடுறதுன்னு ஒவ்வொரு வித்தையும் ஒவ்வொரு உலகமா போய்த்தான் வாங்கணும், தேவதைங்க ஒவ்வொண்ணா குடுக்கும். அதனால முதல் பாதி முழுக்க கையக் கட்டிப் போட்ட மாதிரி. லெஜெண்ட்ஸ்ல முதல் நிமிஷத்துல இருந்து எல்லா வித்தையும் கையில. டிசைனரும் அத நம்பியே முதல் லெவல போடலாம். அப்புறம் உலகங்கள பெயிண்டிங்கா சுவத்துல மாட்டி வெச்சிருப்பாங்க, டீன்சீஸ்னு கூண்டுல மாட்டிக்கிட்ட குட்டிப் பயலுவள காப்பாத்தக் காப்பாத்த அடுத்தடுத்த பெயிண்டிங் திறக்கும். மொத்தம் 700 பேரு. ஒரு உலகம் போரடிச்சா பாதில விட்டுட்டு அடுத்ததுக்கு போயிரலாம், யாரும் கேக்க மாட்டாங்க. போதாததுக்கு ஆரிஜின்ஸ்ல இருந்தே 40 லெவல எடுத்து, புது பாலிஷ் போட்டு உள்ளயே வெச்சுட்டாங்க. பழைய கேம் வாங்காதவனுக்கு அதுவே ஒரு முக்கா கேம்.

(திரையில: ஆரிஜின்ஸ் ஒரு பக்கம், லெஜெண்ட்ஸ் ஒரு பக்கம், ரெண்டும் காட்டுக்குள்ள)

கலரப் பத்தி பேசாம இந்த கேம முடிக்க முடியாது. ரெண்டுமே யூபிஆர்ட்னு ஒரு எஞ்சின்ல செஞ்சது, ஓவியர் கையால வரைஞ்சத அப்படியே உள்ள கொண்டாந்து அசைய வைக்கிற மாதிரியான எஞ்சின். லெஜெண்ட்ஸ்ல புதுசா வந்தது வெளிச்சம். 2டி படத்து மேல விளக்கு விழுந்து நெழல் நகரும், அதனால ஹீரோ எப்பவும் பின்னணில இருந்து பிரிஞ்சு தெரிவான். இம்புட்டு கலர் இருந்தும் கண்ணு குழம்பாததுக்கு அதான் காரணம். கடல் உலகத்துல அந்த வெளிச்சத்தையே விளையாட்டா ஆக்கிட்டாங்க, துப்பறியும் படம் மாதிரி, லைட்டு மேல பட்டா செத்தோம், இருட்டுல ஒளிஞ்சு ஒளிஞ்சு நீந்தணும். ஓடுற கேம்ல நிக்கிறதையும் ஒரு தாளமா வெச்ச இடம் அது. எனக்கு ரொம்பப் புடிச்ச உலகம் அதான், மெக்சிகோ கேக் உலகம்னு சொல்றவங்க கமெண்ட்ல வந்து சண்டை போடுங்க.

ஒண்டியா ஆடலாம், நாலு பேரும் சேந்து ஆடலாம். தீபாவளி லீவுக்கு உசிலம்பட்டி சித்தப்பா வீட்டுக்கு போனா இதத்தான் போடுவோம். நடுவுல யாரு வேணா சேரலாம், யாரு வேணா எந்திரிச்சு போலாம், சாப்பிடக் கூப்பிட்டா கண்ட்ரோலர வெச்சுட்டு போக வேண்டியதுதான், கேம் நிக்காது. அடிபட்டா சாக மாட்டோம், ஒரு குமிழிக்குள்ள போயிருவோம், கூட ஆடுறவன் வந்து ஒரு தட்டு தட்டுனா வெளிய வந்துரலாம். அக்கா மகன் ஆறு வயசு, பாதி நேரம் குமிழிக்குள்ளதான் இருப்பான், "மாமா என்னைய அடிச்சு விடுங்க மாமா, மாமா இங்கிட்டு இங்கிட்டு"ன்னு கத்திக்கிட்டே மிதந்து வருவான். சித்தி அடுப்படில இருந்து எட்டிப் பாத்து "என்னடா தம்பி, சின்னப்பயல அடிக்கிற"ன்னு கேக்க, கேம்ல சித்தி கேம்லன்னு சொல்லி புரிய வைக்கிறதுக்குள்ள மூணு பேரும் காலி. உயிர் எண்ணிக்கைன்னு ஒண்ணே கிடையாது, எத்தனை தடவை செத்தாலும் கொஞ்சம் முன்னாடி இருந்து உடனே ஆரம்பிக்கலாம். அந்த உடனேங்குறது முக்கியம். லோடிங்னு பத்து செகண்ட் நிறுத்துனா உடம்புல ஏறுன தாளம் எறங்கிரும்.

கங் ஃபூட்னு ஒரு ஃபுட்பால் ஆட்டமும் உள்ள இருக்கு, பந்தை எட்டி உதைச்சு கோல் போடணும், அவ்வளவுதான். இதனால எங்க வீட்டுல ரெண்டு சொந்தம் ரெண்டு நாள் பேசிக்கல.

கஷ்டம் வேணும்னு கேக்குறவங்களுக்கு இன்வேடட் லெவல் இருக்கு. பழைய லெவல்தான், ஆனா வேற உலகத்து எதிரிங்க உள்ள பூந்திருப்பானுங்க. கடைசில மூணு டீன்சீஸ ராக்கெட்ல கட்டி வெச்சிருப்பாங்க. 40 செகண்டுல ஒரு ராக்கெட் கெளம்பும், 50ல ஒண்ணு, 60ல ஒண்ணு. மூணு பேரையும் காப்பாத்தணும்னா 40க்குள்ள போயாகணும், அதாவது ஒரு எடத்துல கூட நிக்கக் கூடாது. நிக்காம ஓடி முடிக்கிற மாதிரிதான் அந்த லெவல் இருக்குன்னு அப்பத்தான் வெளங்கும்.

இப்ப நான் சொல்ற தாளக் கதை உண்மையா இல்ல கப்சாவான்னு சந்தேகம் வந்தா, கடைசி உலகத்துக்கு போங்க.

(திரையில: லிவிங் டெட் பார்ட்டி, திரை பூரா புள்ளி புள்ளியா)

லிவிங் டெட் பார்ட்டின்னு பேரு. முன்னாடி ஆடுன மியூசிக் லெவல்களே திரும்ப வரும், ஆனா பழைய 8 பிட் கேம் சத்தத்துல. வில்லத்தனம் என்னன்னா திரைய கெடுத்துருவாங்க. ஒரு எடத்துல கட்டம் கட்டமா ஒடஞ்சு ஒண்ணுமே தெரியாது, ஒரு எடத்துல ஆன்டெனா கழண்ட பழைய டிவி மாதிரி புள்ளி, ஒரு எடத்துல படமே உப்பி வளைஞ்சு நிக்கும். கண்ண நம்பி ஆடுனா செத்துக்கிட்டே இருப்போம். பாட்டு ஏற்கனவே காதுல இருக்குல்ல, அத நம்பி எப்ப அடி விழுமோ அப்ப குதிச்சா தாண்டிரலாம். பாக்காமலே ஆட வைக்கிற தைரியம் அந்த டீமுக்கு எங்கிருந்து வந்துச்சு, தரைய பாட்டா எழுதினதால வந்துச்சு.

குறை இல்லையான்னா இருக்கு. மர்ஃபின்னு ஒரு பச்சைக்கலர் ஈ மாதிரி ஒருத்தன் வருவான், கயித்த அறுக்குறது, மேடைய நகத்துறது எல்லாம் அவன் வேலை. வீ யூல கையில இருக்குற திரைய தொட்டு மர்ஃபிய ஆட்டலாம், பக்கத்துல ஒரு ஆளு ஓட நாம தொட்டுக் குடுத்தா நல்லாத்தான் இருக்கும். ஆனா ஒண்டியா ஆடுனா ஓடுற வேலைய கம்ப்யூட்டர் எடுத்துக்கும், நாம வெறுமனே தொட்டுக்கிட்டு இருக்கணும். மத்த கன்சோல்ல ஓடிக்கிட்டே ஒரு பட்டன் அமுக்குனா மர்ஃபி வந்து வேலைய முடிச்சுட்டு போயிருவான். வீ யூதான் ஒரிஜினல், அதான் பெஸ்ட்டுன்னு சொல்ற கூட்டம் ஒண்ணு இருக்கு. ஒண்டியா ஆடுறவனுக்கு அது பொருந்தாது, ஓட்டத்த நம்ம கையில இருந்து புடுங்குறதுக்கு பட்டனே மேல். இருந்தாலும் எந்த கன்சோலா இருந்தாலும் மர்ஃபி லெவல் கொஞ்சம் இழுவைதான், எண்ணிக்கைய பாதியா குறைச்சிருக்கலாம்.

எதுல வாங்கலாம்னா, பிஎஸ்4, எக்ஸ்பாக்ஸ் ஒன் வெர்ஷன் 2014ல வந்துச்சு, ஸ்விட்ச்ல 2017ல டெஃபனிட்டிவ் எடிஷன்னு வந்துச்சு, அதுல கங் ஃபூட்டுக்கு டோர்னமென்ட்டும் இருக்கு. பிசிலயும் இருக்கு, ரொம்ப பெரிய கிராஃபிக்ஸ் கார்டெல்லாம் தேவையில்ல. சேல் போடும்போது பாத்து வாங்குங்க.

வாங்குனதும் முதல் வேலையா டிவி செட்டிங்ஸ்ல போயி கேம் மோட் ஆன் பண்ணிருங்க. நம்ம வீட்டு டிவி படத்த அழகாக்குறேன்னு சொல்லி கொஞ்சம் லேட்டாத்தான் காட்டும், சீரியல் பாக்குறப்ப தெரியாது, இங்க குதி ஒவ்வொண்ணும் பிந்தும். புளூடூத் இயர்போன் போட்டா சத்தமும் பிந்தும், அதனால வயர் வெச்ச ஹெட்செட், இல்லன்னா டிவி ஸ்பீக்கரே போதும். வால்யூம கூட்டி வெச்சுட்டு கேஸில் ராக்க ஆரம்பிங்க, பக்கத்து வீட்டுக்காரர் கதவத் தட்டுனா அவருக்கும் ஒரு கண்ட்ரோலர் குடுங்க.