கூலரோடு ஒட்டிக்கொண்ட பிராசசர்: இழுக்க வேண்டாம், திருகுங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் இடங்களுக்கு வருகிற பிராசசர்களில், அதாவது கம்ப்யூட்டரின் மூளையான சிப்களில், என்னை மிகவும் வருத்தப்பட வைப்பது ஒரு வகைதான். அது சூட்டில் கருகியிருக்காது, மின்னழுத்தத்தில் போயிருக்காது. முந்தைய நாள்வரை ஒழுங்காக ஓடியிருக்கும். தூசி தட்டலாம், சூட்டைக் கடத்த நடுவில் தடவிய பேஸ்டை மாற்றலாம் என்று, பிராசசரின் மேல் உட்கார்ந்து சூட்டைத் தணிக்கும் கூலரைக் கழற்றியிருப்பார்கள். கூலரோடு பிராசசரும் பிடுங்கிக்கொண்டு வந்திருக்கும். பிராசசரின் அடியில் ஒரு மூலையில் ஏழெட்டுப் பின்கள், அதாவது மெல்லிய உலோகக் கால்கள், சாய்ந்து கிடக்கும்.

இது பெரும்பாலும் ஏ.எம்.டி. நிறுவனத்தின் ஏ.எம்.4 சாக்கெட்டில் நடக்கிறது. சாக்கெட் என்பது மதர்போர்டில் பிராசசரைச் செருகும் இடம். 2017-இல் வந்த முதல் ரைசன் பிராசசர் தொடங்கி 5000 வரிசை வரைக்கும் அதே சாக்கெட்தான். போர்டை மாற்றாமல் பிராசசரை மட்டும் மாற்றலாம் என்பது அதன் பெரிய வசதி. அதனாலேயே வீட்டில் உட்கார்ந்து கூலரைக் கழற்றுகிறவர்களும் அதிகம். இந்தப் பிராசசர் நான்கு சென்டிமீட்டர் சதுரம். அதன் அடியில் முடி போன்ற 1331 பின்கள்.

சாக்கெட்டின் பக்கத்தில் ஒரு லீவர் இருக்கிறதே, அதை மூடியபிறகு பிராசசர் எப்படி வெளியே வரும் என்று பலரும் கேட்கிறார்கள். அந்த லீவர் பிராசசரை மேலிருந்து அழுத்துவதில்லை. பின்களைப் பக்கவாட்டில் இறுக்கிப் பிடிக்கிறது, அவ்வளவுதான். இன்டெல் 2004-இலேயே பின்களைப் போர்டுக்கு மாற்றி, பிராசசரின் மேல் ஒரு இரும்புச் சட்டத்தையும் வைத்துவிட்டது. ஏ.எம்.4-இல் அப்படி எதுவும் இல்லை. பேஸ்டின் பிடி சாக்கெட்டின் பிடியைவிட வலுவாக இருந்தால் பிராசசர் கூலர் பக்கம் போய்விடும். என்னைக் கேட்டால் இது வடிவமைப்பின் குறைதான். வாங்கியவரின் கைமேல் பழி போடுவது நியாயமில்லை.

சரி, பேஸ்டுக்கு அவ்வளவு பிடி எங்கிருந்து வருகிறது? பெரும்பாலான பேஸ்ட், சிலிக்கோன் எண்ணெயில் துத்தநாக ஆக்சைடு, அலுமினா போன்ற தூள்களைக் குழைத்த கலவை. வருடக்கணக்கில் சூடேறி ஆறும்போது எண்ணெய் ஓரமாகக் கசிந்து, நடுவில் இருப்பது கெட்டிப்படுகிறது. இரண்டு தட்டையான உலோகப் பரப்புகளுக்கு நடுவில் காற்றுக்கு இடமில்லை. நேராக மேலே இழுத்தால், சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிலோ வீதம் வெளிக்காற்று எதிர்த்து அழுத்துகிறது. மொத்தத்தில் பத்துக் கிலோவுக்கு மேல். வெடுக்கென்று இழுத்தால் பேஸ்டின் பிசுபிசுப்பும் சேர்ந்துகொள்கிறது. ஒன்றுக்குள் ஒன்று சிக்கிய எவர்சில்வர் டம்ளர்களை வீட்டில் எப்படிப் பிரிப்பார்கள்? வெளிப்பக்கம் வெந்நீரைக் காட்டிவிட்டு மெல்லத் திருகுவார்கள். இங்கேயும் அதே வழிதான்.

முதலில் கம்ப்யூட்டரை ஓட விடுங்கள். ஒரு கேமோ, கனமான வீடியோ வேலையோ பத்துப் பதினைந்து நிமிடம் ஓடினால் பேஸ்ட் இளகும். அப்புறம் அணைத்து, பவர் கேபிளைப் பிடுங்கி, பவர் பட்டனை ஒருமுறை அழுத்தி மிச்ச மின்சாரத்தையும் போக்கிவிடுங்கள். கேபினட்டைப் படுக்க வையுங்கள். இது முக்கியம், ஏனென்றால் ஸ்க்ரூ வைத்த கூலரில் போர்டுக்குப் பின்னால் இருக்கும் தட்டும் அதே ஸ்க்ரூக்களில்தான் நிற்கிறது. நிமிர்த்தி வைத்துக் கழற்றினால் அது நழுவி விழும். ஸ்க்ரூக்களைக் குறுக்கும் மறுக்குமாக, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். ஃபேன் வயரையும் எடுத்துவிடுங்கள்.

இப்போது சூடு ஆறுவதற்குள் கூலரைப் போர்டோடு ஒட்டியபடியே இடம், வலமாக மெதுவாகத் திருகுங்கள். கிளிப் மாட்டும் கூலராக இருந்தால் இரண்டு பக்கத்துப் பிளாஸ்டிக் சட்டமும் இடிக்கும், அதிகம் திரும்பாது. பரவாயில்லை, ஓரிரு மில்லிமீட்டர் அசைவே போதும். முதலில் அசையவே அசையாது. கையை எடுக்காமல் லேசான அழுத்தத்தைத் தொடருங்கள். ஒரு கட்டத்தில் பிடி விட்டு, கூலர் வழுக்குவது விரலுக்குத் தெரியும். அது தெரியும்வரை மேலே தூக்கக் கூடாது. கம்ப்யூட்டரே ஓடாத நிலையில் இருந்தால், ஹேர் டிரையரின் சூடான காற்றை கூலரின் அடிப்பாகத்தில் சில நிமிடம் காட்டலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் பிராசசர் கூடவே வந்துவிட்டதா? பதற வேண்டாம். கூலரைத் தலைகீழாக, பின்கள் மேலே பார்க்கும்படி மேசைமேல் வையுங்கள். அப்படியே திரும்ப சாக்கெட்டில் செருகிப் பார்க்கும் ஆசை வரும், செய்யாதீர்கள். கூலர் மறைப்பதால் லீவரையும் திறக்க முடியாது, பின் எங்கே போகிறது என்றும் தெரியாது. ஸ்க்ரூ டிரைவரோ கத்தியோ விட்டு நெம்புவது அதைவிட மோசம். முனை பிராசசரின் உலோக மூடிக்குக் கீழே இருக்கும் பச்சைப் பலகையில் மாட்டினால் பிராசசரே போய்விடும். மறுபடி டிரையரால் சூடேற்றி, பல் இடுக்குச் சுத்தம் செய்யும் மெல்லிய நூலை மூடிக்கும் கூலருக்கும் நடுவில் ஒரு மூலையிலிருந்து விட்டு, அறுப்பதுபோல் இழுங்கள். அதற்கும் மசியாவிட்டால் டிரையரை அணைத்துத் தள்ளி வைத்துவிட்டு, உலோகம் ஆறியபின் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை ஓரங்களில் சொட்டு சொட்டாக விட்டுக் கொஞ்ச நேரம் ஊற விடுங்கள். அது எளிதில் தீப்பற்றும், சூட்டோடு சேர்க்கவே கூடாது. பிறகு பலகையின் விளிம்புகளை மட்டும் பிடித்துத் திருகுங்கள்.

பின் சாய்ந்திருந்தால், 0.5 மில்லிமீட்டர் மெக்கானிக்கல் பென்சிலின் லெட்டை எடுத்துவிட்டு, அதன் காலிக் குழாய் முனையைப் பின்மேல் மாட்டி நிமிர்த்தலாம். பக்கத்து வரிசைகளைப் பார்த்து நேராக்குங்கள். ஒரே பின்னை முன்னும் பின்னுமாகப் பலமுறை வளைத்தால் உடைந்துவிடும்.

2022-இல் வந்த ஏ.எம்.5 சாக்கெட்டில் இந்தத் தொல்லை தீர்ந்தது. பிராசசர் இரும்புச் சட்டத்துக்குள் பூட்டப்பட்டிருக்கும், கூலரோடு வராது. பின்கள் போர்டுக்குப் போய்விட்டதால் இனி சாக்கெட்டைத்தான் பத்திரமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஏ.எம்.4 பிராசசரைத் திரும்பப் பொருத்தும்போது பழைய பேஸ்டை முழுக்கத் துடைத்துவிடுங்கள். லீவரை நிமிர்த்தி, மூலையில் இருக்கும் தங்க முக்கோணத்தைச் சாக்கெட்டின் குறியோடு சேர்த்து வையுங்கள். பிராசசர் தன் எடையிலேயே உள்ளே இறங்கிவிடும். இறங்கவில்லை என்றால் ஏதோ ஒரு பின் இன்னும் சாய்ந்திருக்கிறது. விரலால் அழுத்தாமல், எடுத்து வெளிச்சத்தில் மறுபடி பாருங்கள்.

நன்றி, வணக்கம்.