உலை அதே உலை, 20 சதவீதம் கூடுதல் எங்கிருந்து வந்தது? மார்த்தாண்டம் அக்காவின் கேள்வி

சரி மக்களே, இந்த வாரக் கேள்விகளை வாசித்துக்கொண்டே வந்தவன் ஒன்றில் நின்றுவிட்டேன். மார்த்தாண்டத்திலிருந்து ஒரு அக்கா கேட்டிருக்கிறார்: "அமெரிக்காவில் வெர்மான்ட் யாங்கி என்ற பழைய அணுமின் நிலையத்தை 20 சதவீதம் சக்தியைக் கூட்டி ஓட்ட அனுமதித்தார்கள் என்று போன தடவை சொன்னீர்கள். உலை அதே உலைதானே, அப்போ முதலில் சொன்ன கணக்கு பொய்யா? கூடங்குளத்திலும் கூட்டுவார்களா?" இரண்டு நாளாக மண்டைக்குள் இதுதான்.

பொய் இல்லை அக்கா. கட்டும்போது, தெரியாததற்கென்று கொஞ்சம் விட்டுவைப்பார்கள். அங்குள்ள ஒழுங்குமுறை ஆணையம் இந்தக் கூட்டலை மூன்று வகையாகப் பார்க்கிறது. 2 சதவீதத்துக்குள் கூட்டுவது முதல் வகை, எனக்கு ரொம்பப் பிடித்தது. சக்தியைக் கணக்கிடுவதற்காக உலைக்குப் போகும் தண்ணீரை அளக்கிற மீட்டரை மாற்றுவார்கள், முக்கியமான வேலை அவ்வளவுதான். பழைய மீட்டர் தப்பாகக் காட்டலாம் என்று 2 சதவீதம் ஒதுக்கி வைத்திருந்தார்கள். அல்ட்ராசோனிக் மீட்டர் துல்லியமாக அளந்ததும் அதில் பெரும்பகுதி கைக்கு வந்துவிட்டது. தராசை மாற்றிச் சரக்கைக் கூட்டிய கதை! இரண்டாவது வகை 7 வரை, மூன்றாவது 20 வரை. வெர்மான்ட் யாங்கி அந்த உச்சம். 1972இல் ஓடத் தொடங்கிய உலை, வெப்பக் கணக்கில் 1,593 மெகாவாட். அதை 1,912 ஆக்க 2003இல் விண்ணப்பித்து 2006 மார்ச்சில் அனுமதி வாங்கினார்கள்.

எல்லோரும் உலையைப் பார்த்துப் பயப்படுகிறார்கள், எனக்கு அதைச் சுற்றியுள்ள சாமான்களைப் பற்றித்தான் பயம். முட்டத்தில் என் சித்தப்பா ஒருவர் ஃபைபர் வள்ளத்தில் இருந்த சின்ன எஞ்சினைக் கழற்றிவிட்டுப் பெரிசு ஒன்றை மாட்டினார். எஞ்சினும் நன்றாக இருந்தது, வேகமும் பிரமாதம், ஆனால் மூன்று மாதத்தில் எஞ்சின் மாட்டியிருந்த பின்பலகையில் மயிரிழை மாதிரி விரிசல். பலகையை யாரும் யோசிக்கவே இல்லை. இல்லினாய் மாநிலத்து குவாட் சிட்டீஸ் நிலையத்திலும் அதேதான் நடந்தது. 2002இல் 17 சதவீதத்துக்கு மேல் கூட்டினார்கள், நீராவி வேகமாக ஓடியது, குழாயில் வால்வுகள் நிற்கிற கிளைகளின் வாயில் அது உரசிப் போகும்போது சோடா பாட்டில் வாயில் ஊதினால் வருமே, அந்த மாதிரி ஒரு அதிர்வு. நீராவியிலிருந்து ஈரத்தைப் பிரிக்கிற டிரையரில் விரிசல் விட்டது. சரிசெய்தார்கள், மறு வருடமும் விரிசல் விட்டது. அதனால்தான் வெர்மான்ட் யாங்கியில் படிப்படியாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் நிறுத்தி அதிர்வை அளந்த பிறகே அடுத்த படிக்குப் போனார்கள்.

அப்புறம் என் பழைய பாட்டு. வழக்கமாகப் பார்க்கிறவர்கள் சிரிக்க வேண்டாம், அக்கானி (பதநீர்) காய்ச்சும் அண்டாவுக்குத்தான் வருகிறேன். விறகை இழுத்துப்போட்ட பிறகும் அண்டா கொஞ்ச நேரம் கொதிக்கும் இல்லையா? அணு உலையில் அந்த விறகை இழுக்கவே முடியாது. அணைத்த நொடியிலும் 6, 7 சதவீதம் வெப்பம் வந்துகொண்டுதான் இருக்கும், மெல்லத்தான் குறையும். வெர்மான்ட் யாங்கியில் முன்பு அது சுமார் 100 மெகாவாட், கூட்டிய பிறகு 120க்கு மேல். அதை ஆற்ற வேண்டியதோ அதே பழைய பம்ப். விபத்தின்போது தண்ணீர் ரொம்பச் சூடாகிவிட்டால் பம்பின் வாயிலேயே ஆவியாகி, கிணற்று மோட்டார் காற்று பிடித்த மாதிரி ஆகிவிடும். உலையை மூடியிருக்கும் காப்புக் கூடான கொள்கலனுக்குள் அப்போது ஏறியிருக்கும் அழுத்தமே அதைத் தடுத்துவிடும் என்றது நிலையத்தை நடத்திய நிறுவனம். கொள்கலனில் ஓட்டை விழுந்தால் பம்பும் போகுமே என்று மல்லுக்கு நின்றது வெர்மான்ட் மாநில அரசு. அனுமதி கிடைத்துவிட்டது, ஆனாலும் எனக்கு அந்த மாநிலத்தின் கேள்விதான் சரியாகப் படுகிறது.

கூடங்குளம் கேட்டீர்கள். ரஷ்யாவில் அதே குடும்பத்து 1,000 மெகாவாட் உலைகள் 104 சதவீதத்தில் ஓடுகின்றன, ஆகவே இது வீண் கேள்வி இல்லை. இங்கே கூட்ட வேண்டுமானால் 1983இல் அமைத்த அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆனால் அக்கா, நீங்கள் கேட்டிருக்க வேண்டியது வேறு: நம் நாட்டில் எப்போது குறைத்தார்கள்? தாராப்பூரின் முதல் இரண்டு உலைகளும் 210 மெகாவாட்டாக வந்தவை, நீராவிக் கலன்களின் குழாய் ஒழுகியதால் 160க்கு இறங்கின. நம்ம கல்பாக்கத்திலும் 1980களின் கடைசியில் உலைக்குள் கனநீர் (அந்த வகை உலைக்குத் தேவையான, கனமான ஒரு வகைத் தண்ணீர்) நுழைகிற பாகம் உடைந்தது. கையை விட்டு மாற்ற முடியாத இடம். 220ஐ 170 ஆக்கிப் பல வருடம் ஓட்டினார்கள். 2000க்குப் பிறகு குழாய்களை மாற்றும்போதுதான் கனநீருக்கு வேறு வழி செய்து திரும்பவும் 220க்கு ஏற்றினார்கள். கூட்டும்போது ஊரே பேசுகிறது, 50 மெகாவாட் குறைந்து ஓடிய அந்தக் காலத்தைப் பற்றி இத்தனை வருடத்தில் எனக்கு ஒரு கேள்விகூட வந்ததில்லை!

சித்தப்பாவா? பலகைக்குப் பட்டை அடித்துப் பார்த்தார், நிற்கவில்லை. பழைய எஞ்சினையே தேடி வாங்கி மாட்டிவிட்டார். சரி, அடுத்து கருங்கல்லிலிருந்து ஒரு தம்பி, முப்பந்தல் காற்றாலை பற்றி.