கிட்டாரில் நட், சாடில், பின்: காசை எங்கே போடுவது?

[காட்சி: பிரிட்ஜ் நெருக்கத்தில். ஒரு விரல் சாடிலைத் தொட்டுக் காட்டுகிறது.]

வணக்கம். விலை குறைந்த அக்கூஸ்டிக் கிட்டார் வைத்திருப்பவர்களிடம் யாராவது ஒருவர் கட்டாயம் சொல்லியிருப்பார்: "பிளாஸ்டிக்கைத் தூக்கிப் போட்டுட்டு எலும்புல மாத்துங்க, சவுண்டு சும்மா அள்ளும்." கழுத்தின் தலைப்பக்க முனையில் கம்பிகளைத் தாங்கும் பட்டை நட். உடலில் ஒட்டியிருக்கும் பிரிட்ஜில் கம்பிகளைத் தாங்கும் பட்டை சாடில். கம்பி முனைகளோடு பிரிட்ஜின் துளைகளில் செருகும் சிறு முளைகள் பின். இந்த நட், சாடில், ஆறு பின் எல்லாம் ஒரே செட்டாகவும் கிடைக்கின்றன. ஆனால் ஒலியில் மூன்றுக்கும் சமபங்கு கிடையாது. காசு கொஞ்சம்தான் என்றால் சாடிலில் போடுங்கள்.

காரணம் எளிது. கழுத்தில் குறுக்கே இருக்கும் உலோகப் பட்டைதான் ஃபிரெட். கம்பியை அதில் அழுத்திவிட்டால் நட்டுக்கு அங்கே வேலை முடிந்தது. அந்த இடத்தை ஃபிரெட் எடுத்துக்கொள்கிறது. ஓப்பன் கம்பிகளில், அதாவது விரல் வைக்காமல் வாசிக்கும்போது மட்டும்தான் நட்டின் குரல் கேட்கும். சாடில் அப்படி இல்லை, எந்த ஸ்வரத்தை வாசித்தாலும் அதிர்வு அதன் வழியாகத்தான் கிட்டாரின் மேல்பலகைக்கு இறங்குகிறது.

எலும்பா, டஸ்க்கா? கனடாவின் கிராஃப் டெக் நிறுவனம் செய்யும் செயற்கைப் பொருள்தான் டஸ்க். துண்டுக்குத் துண்டு ஒரே மாதிரி இருக்கும். மாட்டெலும்பு இயற்கையானது, அதனால் அடர்த்தி கொஞ்சம் மாறும். எதை வாங்கினாலும் சரி. பொருளைவிட சாடில் பிரிட்ஜின் பள்ளத்தில் எப்படி உட்காருகிறது என்பதுதான் முக்கியம்.

[காட்சி: கம்பிகள் தளர்த்தப்படுகின்றன. துணி சுற்றிய குறடால் பழைய சாடில் வெளியே வருகிறது.]

முதலில் பழையதை வெர்னியர் அளவுகோலில் அளந்துவிடுங்கள். 3 மி.மீ. தடிமன் பரவலாக இருக்கும், மார்ட்டின் கிட்டார்கள் பலவற்றில் சுமார் 2.4. புதியது கொஞ்சம் உயரமாகத்தான் வரும், தேய்த்துக் குறைக்க வேண்டும். அடிப்பக்கத்தை மட்டும் தேய்க்கவும். மேல்பக்கத்தின் வளைவையும், இரண்டாம் கம்பிக்குக் கொஞ்சம் பின்னால் தள்ளி வெட்டியிருப்பதையும் தொடாதீர்கள், சுருதி அதில்தான் இருக்கிறது.

ஒரு கணக்கு. 12ஆம் ஃபிரெட்டில் கம்பியின் உயரத்தை அரை மி.மீ. இறக்க வேண்டுமென்றால் சாடிலில் ஒரு மி.மீ. போக வேண்டும். 12ஆம் ஃபிரெட் கம்பியின் சரிபாதியில் இருக்கிறதே, அதனால்தான். அங்கே தடித்த ஆறாம் கம்பிக்குக் கீழே 2.5, மெல்லிய முதல் கம்பிக்குக் கீழே 2 மி.மீ. இருந்தால் பலருக்கு வசதியாக இருக்கும்.

[காட்சி: கண்ணாடித் துண்டின் மேல் 220 எண் உப்புத்தாள். சாடிலின் அடியில் பென்சிலால் கிறுக்கப்படுகிறது.]

அடிப்பக்கம் முழுக்கப் பென்சிலால் கிறுக்கிவிட்டுத் தேய்த்துப் பாருங்கள். கிறுக்கல் மிச்சமிருக்கும் இடம் குழிவாக இருக்கிறது. முழுவதும் ஒரே நேரத்தில் அழிந்தால்தான் சமம். சாடிலின் அடியில் பிக்கப் (அதிர்வை ஸ்பீக்கருக்கு அனுப்பும் கருவி) இருக்கும் கிட்டாரில் இதை விட்டுவிட்டால், ஸ்பீக்கரில் ஒரு கம்பி கத்தும், பக்கத்துக் கம்பி முணுமுணுக்கும். எலும்புத்தூள் மூக்குக்கு ஆகாது, மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள்.

விரலால் அழுத்தினால் சாடில் உள்ளே போக வேண்டும், கிட்டாரைக் கவிழ்த்தால் தானாக விழக் கூடாது. லூசாக இருந்தால் கம்பி இழுக்கும் பக்கம் சாய்ந்து சுருதி கெடும். பசை ஊற்றிச் சமாளிக்காதீர்கள். அகலமான துண்டாக வாங்கிப் பள்ளத்துக்கு ஏற்ற மாதிரி தேய்த்துக்கொள்ளலாம்.

அடுத்து நட். ட்யூன் செய்யும்போது 'டிங்' என்று கம்பி குதித்தால் அது நட்டின் பள்ளத்தில் மாட்டுகிறது, கொஞ்சம் பென்சில் தூள் வைத்துப் பாருங்கள். ஓப்பனில் மட்டும் சிதார் மாதிரி 'ஜிவ்' என்று கேட்டால், பெரும்பாலும் பள்ளத்தின் சரிவு தவறு. ஃபிரெட்கள் இருக்கும் ஃபிங்கர்போர்டு பக்க விளிம்பு உயரமாகவும், அங்கிருந்து முறுக்காணிகள் இருக்கும் ஹெட்ஸ்டாக் பக்கம் சரிவாகவும் இருக்க வேண்டும். மூன்றாம் ஃபிரெட்டை அழுத்திக்கொண்டு முதல் ஃபிரெட்டைப் பாருங்கள். கம்பிக்குக் கீழே மயிரிழை இடைவெளி தெரிந்தால் நட் நன்றாகவே இருக்கிறது, கை வைக்காதீர்கள். மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால் பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள். ஒவ்வொரு கம்பிக்கும் ஏற்ற அளவில் தனி அரம் வேண்டும், அதையெல்லாம் ஒரு நட்டுக்காக யார் வாங்குவது?

[காட்சி: ஒலித்துளைக்குள் செல்பேசி. பிரிட்ஜின் அடியில் உள்ள பலகை திரையில் தெரிகிறது.]

கடைசியாகப் பின். கம்பியைப் பிடித்து நிறுத்துவது பின் இல்லை, கம்பி முனையில் இருக்கும் உருண்டை. அது உள்ளே இருக்கும் பலகையில் போய் முட்டி நிற்க வேண்டும். உருண்டை பின்னின் நுனியில் சிக்கினால்தான் பின் துள்ளி வெளியே வருகிறது. கம்பியின் முனையை லேசாக வளைத்து உள்ளே விட்டு, பின்னை அழுத்திக்கொண்டே கம்பியை மேலே இழுங்கள், சரியாகிவிடும். புதுப் பின் வாங்குவதாக இருந்தால் அதன் சரிவைப் பாருங்கள். 3 டிகிரி, 5 டிகிரி என்று வருகின்றன, ஒன்றின் துளையில் மற்றொன்று ஒழுங்காக உட்காராது.

எலும்புப் பின் போட்டால் ஒலி மாறுமா என்றால், என் காதுக்குப் பெரிதாகத் தெரிவதில்லை. அழகாக இருக்கும், அவ்வளவுதான். உள்ளே பலகை தேய்ந்து, உருண்டை துளைக்குள் ஏறி வருகிறதென்றால் எந்தப் பின் போட்டாலும் பயனில்லை. முதலில் அந்தப் பலகையைச் சரிசெய்யுங்கள்.