கோடியில் முடிந்த ஒரு கண் பரிசோதனை

நேயர்களுக்கு வணக்கம். அரசு ஆஸ்பத்திரியில் நடக்கும் தவறுக்கு நீதிமன்றங்கள் விதிக்கும் இழப்பீடு ஏறிக்கொண்டே போகிறது. "இப்படியே போனால் மருந்து வாங்கப் பணம் இருக்காது" என்று மருத்துவர்களே என்னிடம் சொல்கிறார்கள். பாளையங்கோட்டையில் நெடுங்காலமாக வழக்கறிஞராக இருக்கிறேன். எனக்கும் அந்தக் கவலை உண்டு. அது நம் வரிப்பணம். ஆனால் தொகை எதனால் ஏறுகிறது?

ஒரு வழக்கைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 1996இல் சென்னை எழும்பூர் அரசு மருத்துவமனையில் 29வது வாரத்திலேயே ஒரு பெண் குழந்தை பிறந்தது. எடை 1,250 கிராம். இங்க்யுபேட்டரில் வைத்து உயிரைக் காப்பாற்றினார்கள். அது பெரிய காரியம், மறுக்கவே முடியாது. ஆனால் இப்படிக் குறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகளுக்கு விழித்திரையில் ரத்தக்குழாய்கள் கோளாறாக வளரும் ஆபத்து உண்டு. பிறந்த மூன்று, நான்கு வாரத்தில் கண் மருத்துவர் பார்க்கத் தொடங்கி, தேவைப்படும்வரை திரும்பவும் பார்த்தால் தெரிந்துவிடும். உடனே சிகிச்சை கொடுத்தால் பார்வையைக் காப்பாற்ற வழியுண்டு. அந்தப் பரிசோதனை நடக்கவில்லை. வீட்டுக்கு அனுப்பும்போது, "கண்ணைக் காட்டுங்கள்" என்று பெற்றோரிடம் ஒருவரும் சொல்லவும் இல்லை. அவர்களுக்கு விஷயம் தெரிந்தபோது குழந்தைக்கு நான்கு மாதம் கடந்துவிட்டது. பார்வை போய்விட்டது.

தேசிய நுகர்வோர் ஆணையம் 2009இல் 5 லட்சம் கொடுக்கச் சொன்னது. உச்ச நீதிமன்றம் 2015இல் அதை ஏறக்குறைய 1 கோடியே 80 லட்சம் ஆக்கியது. ஏற்கெனவே ஆன வைத்தியச் செலவு, அந்தப் பெண்ணுக்கு இனி வாழ்நாளெல்லாம் ஆகும் செலவு, விலைவாசி உயர்வு எல்லாம் சேர்ந்த கணக்கு அது. தொகை அதிகம் என்று எனக்குத் தோன்றவில்லை. காலத்தில் கண்ணைப் பார்த்துச் சிகிச்சை கொடுத்திருந்தால் அந்தத் தொகையே வேண்டியிருந்திருக்காமல் போயிருக்கலாம். திரும்பவும் சொல்கிறேன், காலத்தில் பார்த்திருந்தால்.

நம் பக்கத்துச் சாத்தூரில் 2018இல் கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி. கிருமியுள்ள ரத்தம் ஏற்றியது நினைவிருக்கும். அங்கேயும் கோட்டைவிட்டது பரிசோதனையில்தான். உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 25 லட்சம் கொடுக்கச் சொன்னது.

அப்புறம், கேஸ் ஷீட், அதாவது நோயாளியின் நிலையையும் சிகிச்சையையும் எழுதிவைக்கும் குறிப்பு. நான் நடத்திய ஒரு வழக்கில் ராத்திரி முழுவதற்கும் ஒரே வரிதான் இருந்தது: 'நோயாளி நலம்'. நேரம் இல்லை, பி.பி. அளவு இல்லை, கையெழுத்தும் இல்லை. விடியும்போது அந்த மனிதர் உயிரோடு இல்லை. அந்த வார்டு முழுவதற்கும் அன்றைக்கு இருந்தது ஒரே ஒரு நர்ஸ். அவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தி என்ன ஆகப்போகிறது? இரண்டாவது நர்ஸுக்குச் சம்பளம் கொடுக்காத அரசு, பின்னால் இழப்பீடாக அதைப்போலப் பல மடங்கு கொடுக்கிறது.

தவறு நடந்தால் மருத்துவமனையே முன்வந்து சொல்லி, வழக்கில்லாமல் தீர்ப்பதைப் பற்றியும் பேச நினைத்தேன். நேரம் முடியப்போகிறது, உங்களுக்கு உடனே உதவுவதை மட்டும் சொல்லிவிடுகிறேன். உள்நோயாளியாக இருந்தவருடைய மருத்துவப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவர் கொடுக்க வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதி. வாயால் கேட்காதீர்கள். எழுதிக் கொடுங்கள், நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். வணக்கம்.