கண்ணை மூடிக் கேட்டாலே தெரியும்!

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் நாட்டுப்புறப் பாட்டு மறுபடி தழைத்த 1950, 60களின் பாட்டுக் குழுக்களைத் தனித்துக் காட்டுவது கொள்கையா, குரலா? குரல்கள் சேரும் விதமே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய தோழர் வீவர்ஸ் என்ற அமெரிக்க நால்வர் குழுவின் கதையை உருக்கமாகச் சொன்னார். 1950இல் 'குட்நைட் ஐரீன்' 13 வாரம் முதலிடத்தில் இருந்தது. அப்புறம் இடதுசாரிகள் என்று கறுப்புப் பட்டியலில் ஏற்றி, வானொலியையும் மேடைகளையும் பறித்தார்கள். அதனால் கொள்கையே அவர்கள் அடையாளம் என்றார். அந்த அநியாயம் என்னையும் சுடுகிறது. ஆனால் அதே கொள்கை அடுத்த வீட்டிலும் இருந்ததே, நடுவர் அவர்களே! 1963 ஆகஸ்டில் மார்ட்டின் லூதர் கிங் பேசிய வாஷிங்டன் பேரணியில் பாடியவர்கள் பீட்டர், பால் அண்ட் மேரி என்ற மூவர் குழு. அங்கே அவர்கள் பாடிய 'இஃப் ஐ ஹேட் எ ஹேமர்' யார் எழுதியது? வீவர்ஸின் பீட் சீகரும் லீ ஹேஸும் 1949இல் எழுதியது.

பாட்டும் ஒன்று, கொள்கையும் ஒன்று. ஆனால் இரண்டு பதிவுகளையும் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். வீவர்ஸில் அடியில் ஹேஸின் கனத்த பாஸ், அதாவது கீழ்ஸ்தாயிக் குரல், மேலே ரானி கில்பர்ட்டின் கணீர்க் குரல், கூடவே சீகரின் பான்ஜோ என்ற தந்தி வாத்தியம். கேட்பவரும் சேர்ந்து பாடட்டும் என்று வாசலைத் திறந்து வைத்த பாட்டு அது. பீட்டர், பால் அண்ட் மேரியோ மெட்டையே சற்று மாற்றினார்கள். இரண்டு கிடார், இரண்டு ஆண் குரல், நடுவே மேரி டிராவர்ஸ். எந்தக் குரல் எங்கே ஏற வேண்டும், எங்கே ஒதுங்க வேண்டும் என்று இசை இயக்குநர் மில்ட் ஓகுனுடன் உட்கார்ந்து செதுக்கிய பாட்டு.

கிங்ஸ்டன் ட்ரையோ என்ற இன்னொரு அமெரிக்கக் குழு அரசியலை விட்டு ஒதுங்கி நின்றது, அதுதான் வித்தியாசம் என்கிறீர்களா? சீகரின் போர் எதிர்ப்புப் பாட்டு 'வேர் ஹேவ் ஆல் த ஃபிளவர்ஸ் கான்'. அதை அவர்களும் பாடினார்கள், பீட்டர், பால் அண்ட் மேரியும் பாடினார்கள்! பிறகு கொள்கையை வைத்து இவர்களை எப்படிப் பிரிப்பது?

இன்னொன்று. 1958இல் சீகர் வீவர்ஸை விட்டு விலக, அவர் இடத்துக்கு எரிக் டார்லிங் வந்தார். சிகரெட் விளம்பரத்துக்குப் பாட மனமில்லாமல் சீகர் விலகினார், அதுவும் கொள்கைதானே என்பீர்கள். சரி, விலகியதற்குக் காரணம் கொள்கை. ஆனால் அதன் பிறகு கேட்பவர் காதுக்குக் குறைந்தது என்ன? சீகரின் குரலும் பான்ஜோவும். 1955 கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவில் நியூயார்க்கின் கார்னகி ஹாலில் பதிவான வீவர்ஸ் கச்சேரியையே நான் இன்றும் தேடிப் போகிறேன். அந்த நால்வரும் சேரும் ஒலி வேறு எங்கும் இல்லை.

இப்போது இங்கிலாந்தின் ஹல் நகருக்கு வாருங்கள். வாட்டர்சன்ஸ்: நார்மா, மைக், லால் என மூன்று உடன்பிறப்புகள், உறவினர் ஜான் ஹாரிசன். பெற்றோரை இழந்து பாட்டியிடம் வளர்ந்தவர்கள் அந்த மூவரும். 1965இல் வந்த 'ஃப்ராஸ்ட் அண்ட் ஃபயர்' இசைத்தட்டில் ஒரு வாத்தியம்கூடக் கிடையாது, வெறும் குரல்கள்தான். மெருகு போடாத, தொண்டை திறந்த குரல்கள். ஒவ்வொன்றும் தன் வழியே போய், வரி முடிவில் வந்து சேரும்போது உடம்பு சிலிர்க்கிறது. பாடியதெல்லாம் ஆண்டு முழுவதும் வரும் சடங்கு, பண்டிகைப் பாட்டுகள். போராட்ட முழக்கம் இல்லை, பேரணி இல்லை. ஆனாலும் அந்தக் காலக் குழுக்கள் எதனோடும் அவர்களைக் குழப்பிக்கொள்ள முடியாது. கொள்கைதான் அளவுகோல் என்றால் இவர்களை எதை வைத்து அடையாளம் காண்பது? அடுத்து எழும் எதிரணித் தோழர் அதற்கு மட்டும் பதில் சொல்லட்டும், நடுவர் அவர்களே.